பதின்மூன்றாம் மாசம்

எங்கள் வீட்டில் மட்டும் வருஷத்துக்குப் பதின்மூன்று மாசம். கோபாலபுரத்தில் வேறு யார் வீட்டிலும் அப்படி இருந்ததாகத் தெரியவில்லை. கூடத்துச் சுவரில் பாட்டி நம்பிய தினசரிக் காலண்டர், ராகுகாலம் எமகண்டத்தோடு. பக்கத்து ஆணியில் இன்னொன்று, யாருக்கும் புரியாத எழுத்தில். பெரியப்பா எத்தியோப்பியாவிலிருந்து கொண்டுவந்தது. முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாசம் போக, மிச்சமிருக்கும் ஐந்து நாளுக்கு, சில வருஷம் ஆறு நாளுக்கு, தனியாக ஒரு குட்டி மாசம். பாகுமே என்று பேர். "அந்த மாசத்துக்குச் சம்பளம் கிடையாதுடா, அதான் கஷ்டம்" என்பார் பெரியப்பா. வருஷக் கணக்கும் நமக்கு ஏழெட்டுப் பின்னால் ஓடும். இங்கே 1970 நடக்கிறது, அங்கே இன்னும் 1962. பாட்டிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "அங்க வந்தா எனக்கு எட்டு வயசு குறையுமாடா?" என்று ஒவ்வொரு லீவிலும் கேட்பாள்.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது நம் தெருவில் துபாய்க்குப் போனவர்கள் இல்லை, அமெரிக்கா போனவர்கள் இல்லை. ஆப்பிரிக்கா போனவர்கள் இருந்தார்கள். கணக்கு வாத்தியார், பௌதிக வாத்தியார், ஆங்கிலம் எடுப்பவர். எத்தியோப்பியா, கானா, ஜாம்பியா, தான்சானியா என்று பேர்கள் எங்கள் திண்ணையில் மாயவரம், மன்னார்குடி மாதிரி புழங்கின. லாயிட்ஸ் ரோடு தபால் பெட்டியில் கடுதாசி போடப் போகிறவர் கையில் நீல ஏரோகிராம் இருந்தால் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். எந்த நாடு என்று யாரும் கேட்டதில்லை.

பெரியப்பா போனது 1966-ல். இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் இரண்டு அத்தைமார் கல்யாணத்துக்கு நின்றார்கள். பேப்பரில் விளம்பரம் வந்தது, நேர்முகத்துக்குப் போனார், ஆர்டர் வந்தது. அவ்வளவுதான் கதை. சேவை, தொண்டு என்ற சொல்லே அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. ஹைலே செலாஸி அரசர் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்துகொண்டிருந்தார். மேல் வகுப்புக்குப் பாடம் எடுக்க உள்ளூரில் போதிய வாத்தியார்கள் இல்லை. மேல் வகுப்பில் பயிற்றுமொழி ஆங்கிலம். நம்மிடம் ஆங்கிலத்தில் கணக்குச் சொல்லித்தரத் தெரிந்து, குறைந்த சம்பளத்தில் கிடந்த வாத்தியார்கள் ஏராளம். இரண்டு நாட்டுக்கும் பொருத்தம் பார்க்க ஜோசியரே வேண்டியதில்லை. ராணுவத்திலும் அப்படித்தான்: ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கிய ஹரார் ராணுவ அகாடமியில் பயிற்சி கொடுத்ததே நம் ராணுவ அதிகாரிகள்.

பெரியப்பாவையும் பெரியம்மாவையும் சென்ட்ரலில் பம்பாய் ரயில் ஏற்றிவிட்டோம். பெட்டியில் பித்தளை ஃபில்டர், இரண்டு மாசத்துக்குக் காபிப்பொடி, புளி, பெருங்காயம். பம்பாயிலிருந்து விமானம். அடிஸ் அபாபாவிலிருந்து வடமேற்கே சுமார் முந்நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் தெப்ரே மார்கோஸ். கோஜாம் மாகாணத்தில் மலைமேல் ஓர் ஊர். நடுவில் நீல நைல் பள்ளத்தாக்கு, அவர்கள் அபாய் என்று சொல்லும் ஆறு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆழம். பஸ் வளைந்து வளைந்து அடிவரைக்கும் இறங்கி, பாலத்தைத் தாண்டி, மறுபடி வளைந்து வளைந்து ஏற வேண்டும். முதல் கடிதத்தில் பெரியம்மா எழுதியிருந்தாள்: "ஆத்தோட பேரே அபாயம். 'ம்' மட்டும் எழுத மறந்துட்டாங்க போல."

அந்தக் கடிதங்களைப் படித்துக் காட்டுவது என் வேலை. நீல ஏரோகிராமை ஓரம் கிழியாமல் பிரிக்க வேண்டும், மடிப்புக்குள்ளும் எழுத்து இருக்கும். பாட்டி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பாள். நடுவில் யாராவது பேசினால் "சும்மா இருங்கோடா" என்று ஒரு அதட்டல். யூகலிப்டஸ் விறகுப் புகை ஊர் முழுக்க, குளிர், இரவில் கழுதைப்புலி ஊருக்குள் வந்து ஊளையிடும், சந்தையில் ஓமம் கிடைக்கிறது, வெந்தயம் கிடைக்கிறது, மக்ரோனி கிடைக்கிறது (இத்தாலிக்காரன் ஐந்து வருஷம் நாட்டைப் பிடித்து வைத்திருந்து 1941-ல் போனான், மக்ரோனியை விட்டுவிட்டுப் போனான்), கறிவேப்பிலைதான் இல்லை. பள்ளிக்கூடம் காலை இரண்டு மணிக்கு. இந்த வரியைப் படித்ததும் பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அங்கே பொழுது விடிவதிலிருந்துதான் மணி எண்ணுவார்கள், நம்முடைய ஏழு அவர்களுக்கு ஒன்று, எட்டு என்றால் இரண்டு என்று அடுத்த கடிதம் வந்து சமாதானம் ஆகும்வரை, தன் பிள்ளை நடுராத்திரியில் கழுதைப்புலிகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்பது பெரிய கவலை. ஆனால் அந்த மலைநாட்டுக் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரதம், ஈஸ்டருக்கு முன்னால் ஐம்பத்தைந்து நாள் விரதம், இன்னும் எத்தனையோ. விரதமென்றால் கறி, முட்டை மட்டுமல்ல, பால், நெய்கூடத் தொடமாட்டார்கள். பருப்பு, கீரை, கடலைமாவில் செய்த ஷிரோ, அதோடு இஞ்செரா. வாரத்தில் இரண்டு நாள் எந்த வீட்டுக்குப் போனாலும் கவலையில்லாமல் கை நனைக்கலாம். பக்கத்து வீட்டு அம்மாள் முதல் கவளத்தைத் தன் கையால் உருட்டிப் பெரியம்மாவின் வாயில் ஊட்டிவிட்டாளாம். அவர்கள் மரியாதை அது. பெரியம்மா கூச்சத்தில் சிரித்து, விக்கி, தண்ணீர் கேட்டு, எல்லாம் முடிந்து பார்த்தால் இருவரும் சிநேகிதிகள்.

இஞ்செராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெஃப் என்று கடுகைவிடப் பொடியான தானியம். மாவைக் கரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து, பெரிய மண் தட்டில் வட்டமாக ஊற்றி மூடிவைப்பார்கள். ஆப்பம் மாதிரி ஒரு பக்கம்தான் வேகும், மேலே ஆயிரம் கண் விழும். லீவில் வந்தபோது கேழ்வரகு மாவை வைத்துப் பெரியம்மா செய்துபார்த்தாள். மூன்றாம் நாள் அந்தப் புளிப்பு வாசனை கொல்லைக் கிணற்றடி வரைக்கும் வந்தது. கண் விழவில்லை. "தண்ணி சரியில்லை" என்றாள். எங்கள் வீட்டில் எது சரியாக வராவிட்டாலும் மெட்ராஸ் தண்ணிதான் காரணம்.

பக்கத்து வீட்டு அம்மாள் கையில் எப்போதும் ஒரு கதிர் இருக்குமாம், பேசிக்கொண்டே பஞ்சு நூற்பாள், பிறகு அது நெசவாளியிடம் போய்க் குளிருக்குப் போர்த்தும் கனத்த வெள்ளைப் போர்வையாக வரும். பெரியம்மாவும் கற்றுக்கொண்டாள். கதிர் ஒன்றை இங்கே எடுத்தும் வந்தாள். பாட்டி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்து, காந்தி காலத்தில் தான் நூற்ற தக்ளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அன்று சாயங்காலம் முழுக்க மாமியாரும் மருமகளும் கூடத்தில் உட்கார்ந்து நூற்றார்கள், சண்டையில்லாமல். அதுவே எங்கள் வீட்டில் ஒரு சரித்திரம். பெரியம்மா அந்த அம்மாளுக்குப் பதிலுக்குச் சொல்லிக்கொடுத்தது எலுமிச்சங்காய் ஊறுகாய். நல்லெண்ணெய், உப்பு, மிளகாய். விரத நாளுக்கும் ஆகும். அந்தத் தெரு முழுக்கப் பரவிற்றாம். எந்த அரசாங்க ஒப்பந்தத்திலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

காபிக்கு வருகிறேன். கோபாலபுரத்துக் காபிப் பைத்தியங்களில் எங்கள் வீடு முதல் வரிசை. வாசலில் மாட்டைக் கட்டிக் கறந்த பால், மெஷினில் நம் கண்முன்னால் அரைத்த பொடி. அப்படிப்பட்ட வீட்டு மருமகள், காபிச் செடி பிறந்த நாட்டுக்கே குடித்தனம் போய்விட்டாள். அங்கே காபி பானமல்ல, ஒரு சடங்கு. அதை எங்கள் கூடத்தில் அவள் நடத்திக் காட்டிய நாள் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. தரையில் பச்சைப் புல் பரப்ப வேண்டும். நானும் தம்பியும் கோபாலபுரம் மைதானத்தில் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தோம். பச்சைக் கொட்டையை அலசி இரும்பு வாணலியில் வறுக்கிறாள். கொட்டை வெடிக்கிறது, கறுக்கிறது, எண்ணெய் கக்குகிறது. வாணலியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வருகிறாள். புகையைக் கையால் விசிறி நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மூலையில் சாம்பிராணி. உரலில் இடித்து, கழுத்து நீண்ட மண்கூஜாவில் காய்ச்ச வேண்டும். ஜெபெனா என்று பேர். அது பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் நடுவில் உடைந்துபோனதால் எங்கள் வீட்டுப் பித்தளைக் கூஜா. பிடியில்லாத சின்னக் கிண்ணம், நிறையச் சர்க்கரை. ஒரு தரம் குடித்துவிட்டு எழுந்து போகக் கூடாது. அபோல், தோனா, பெரெகா என்று மூன்று சுற்று. அதே பொடியில் மறுபடி மறுபடி தண்ணீர் விட்டுக் காய்ச்சுவது. மூன்றாவதில்தான் ஆசீர்வாதம். நடுவில் கொறிக்கச் சோளப்பொரி. எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முதல் கிண்ணத்தை வாங்கிப் பார்த்த பாட்டி, "ஏம்மா, இன்னிக்குப் பால்காரன் வரலையா?" என்றாள்.

எதிர்வீட்டார், மாடிவீட்டார் எல்லாரும் மூன்று சுற்றுக்கும் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அந்த மாடியில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. காபி, ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு பையன் கையில் வந்து கேட்டிலேயே நின்றுவிடுகிறது.

பள்ளிக்கூடம் பற்றிப் பெரியப்பா கொஞ்சம்தான் எழுதுவார், ஆனால் எழுதினால் அதுதான் எனக்குப் பிடிக்கும். பையன்கள் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து நடந்தே வருவார்கள். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வீட்டில் காயவைத்துக் கொடுத்த இஞ்செராவை மூட்டை கட்டிக் கொண்டுவந்து, அதையே ஊறவைத்துச் சாப்பிட்டுப் படிப்பார்கள். வகுப்பில் எழுபது பேர், புத்தகம் பத்து. அவர்கள் மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும், சாயங்காலம் தன் வீட்டு வாசலிலேயே இவர் வகுப்பு வைத்துவிட்டார். நம் ஊர் முறை: வாய்ப்பாடு, கோரஸாக. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும். கோஜாம் மலையில், இருட்டில், வெள்ளைப் போர்வை போர்த்திய பையன்கள் பதினாறாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்கிறார்கள்; நினைத்துப் பாருங்கள். தப்புச் சொன்னால் காதைத் திருகுவார். அதுவும் நம் ஊர் முறைதான்.

அதே பள்ளியில் அமெரிக்கப் பிள்ளைகளும் இருந்தார்கள். கென்னடி தொடங்கிய அமைதிப் படை. 1962-ல் முதல் தொகுதியாக முந்நூறு பேருக்குச் சற்றுக் குறைவாக எத்தியோப்பியாவில் வந்து இறங்கினார்கள், பெரும்பாலும் வாத்தியார் வேலைக்கு. அப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள். கிடாரும் கையுமாக, பிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்கார்ந்து, கேள்வி கேள் கேள் என்று தூண்டுவார்களாம். பெரியப்பாவுக்கு முதலில் எரிச்சல். "கேள்வி கேக்கறது இருக்கட்டும், முதல்ல பதில் தெரியணும்" என்று எழுதியிருந்தார். பிறகு அவர்களில் ஒரு பையன் இவரிடம் வாய்ப்பாடு முறையையும், இவர் அவனிடம் மண்ணையும் தகரத்தையும் வைத்துச் சோதனைச்சாலைச் சாமான் செய்வதையும் கற்றுக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் அவன் போய்விட்டான். அடுத்தவன் வந்தான், அவனும் போனான். பெரியப்பா அங்கேயே இருந்தார்.

இதில் யார் பெரியவர் என்று சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அந்த அமெரிக்கப் பிள்ளைகளின் நினைவுகள் புத்தகங்களாக வந்திருக்கின்றன, அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. நம்மவர்கள் சம்பளத்துக்குப் போனவர்கள் என்பதால் தொண்டர் கணக்கில் சேரவில்லை. அரசாங்கம் அனுப்பிய பெரிய நிபுணர்கள் இல்லை என்பதால் அரசாங்கக் கணக்கிலும் அழுத்தமாகப் பதியவில்லை. பிற நாடுகளுக்கு உதவ இந்திய அரசு 1964-ல் ஐடெக் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் ஆண்டு விழாவில் பேசுகிறவர்கள் இந்த வாத்தியார்களைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் தீர்ப்பைக் கேட்டால், வேலையாக எடுத்துக்கொண்டதால்தான் ஒழுங்காகச் செய்தார்கள். தங்கைக்குத் தாலி வாங்கிய காசும் அதே கையால்தான் சம்பாதித்தது, அந்தப் பையன்களுக்கு அல்ஜீப்ரா எழுதிய கையும் அதேதான்.

லீவில் வந்தால் எங்களை ட்ரைவ்-இன்னுக்கு அழைத்துப்போவார். கதீட்ரல் ரோடு, உட்லண்ட்ஸ். எங்களிடம் கார் கிடையாது. காரில் வந்தவர்கள் ஜன்னலில் தட்டை மாட்டிக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே மரத்தடி வழியாக நடந்து உள்ளே போவோம். பெரியப்பா ஃபில்டர் காபியைக் கையில் வாங்கி, குடிக்கும் முன் ஒரு தரம் ஆழ்ந்து முகர்வார், வாணலிப் புகையை இழுத்துப் பழகிய பழக்கம். அந்த ட்ரைவ்-இன் 2008-ல் மூடி, இரண்டு வருஷத்தில் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறோம்.

1974 செப்டம்பர் 12. எத்தியோப்பியப் புத்தாண்டுக்கு மறுநாள். அரசரை ஒரு சின்ன வோக்ஸ்வாகன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எங்கள் வீட்டு மர்ஃபி ரேடியோ சொல்லிற்று. வகுப்பறைச் சுவரிலிருந்து படம் இறங்கிற்று. அந்த வருஷக் கடைசியில் ராணுவ ஆட்சி, மேல் வகுப்புப் பிள்ளைகளையும் கல்லூரிப் பிள்ளைகளையும் வாத்தியார்களையும் சேர்த்து, ஏறக்குறைய அறுபதாயிரம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பியது. எழுத்துச் சொல்லிக்கொடுக்க, கிணறு வெட்ட, நிலச் சீர்திருத்தத்தைக் குடியானவர்களுக்கு விளக்க. ஸெமெச்சா என்று அதற்குப் பேர். பெரியப்பாவின் மேல் வகுப்புகள் காலி. பிள்ளைகள் பாதிக் கட்டாயத்திலும் பாதி ஆவேசத்திலும் பாட்டுப் பாடிக்கொண்டு லாரியில் ஏறினார்களாம். அவர் அப்போது எழுதிய கடிதத்தில் பெருமை தெரியும்: நம்மிடம் படித்தவன் இப்போது ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்து கிழவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான், என்னைப் போலவே கோரஸாக.

அதற்கப்புறம் கடிதங்கள் சுருங்கின. வானிலை, உடம்பு, அத்தைக்குப் பிரசவம் எப்போது. 1977-ல் திரும்பிவிட்டார்கள். அமைதிப் படையும் அந்த வருஷம்தான் கிளம்பியது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நடந்ததை அந்த நாட்டில் சிவப்பு பயங்கரம் என்கிறார்கள். படித்த பிள்ளைகளைத்தான் முதலில் தேடிப் பிடித்தார்கள். தெருவில் கிடந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

எங்கள் கூடத்தில் காலண்டர் இருந்த ஆணியில் பெரியப்பா ஒரு வகுப்புப் படத்தை மாட்டினார். நாற்பது சொச்சம் பையன்கள், முன் வரிசையில் ஏழெட்டுப் பெண்கள், நடுவில் கோட்டும் டையும் கட்டி இவர். காலையில் குளித்துவிட்டு விபூதி இட்டுக்கொண்டு சாமி படங்களைக் கும்பிட்டபின் அந்தப் படத்தின் முன்னாலும் கொஞ்சம் நிற்பார். கும்பிடமாட்டார். உதடு அசையும். ஆஜர் எடுக்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. யார் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவரோடு வேலை பார்த்த சிலர் அங்கிருந்து நைஜீரியா போனார்கள். 1976-ல் அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று தொடங்கினார்கள், எண்ணெய்க் காசும் இருந்தது. 1986-ல் நைரா விழுந்ததும் அவர்களும் மூட்டை கட்டினார்கள். பெரியப்பாவையும் நைஜீரியாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போகவில்லை. கோபாலபுரத்திலேயே வாசலில் ட்யூஷன் எடுத்தார். பதினாறாம் வாய்ப்பாடு மறுபடி தெருவில் கேட்டது. பக்கத்துத் தெருவில் கலைஞர் வீட்டு வாசலில் கூட்டமும் கோஷமுமாக இருக்கும் நாட்களில் அதற்கும் மேலே குரலை ஏற்றச் சொல்வார்.

சில வருஷத்துக்கு முன் கிரீம்ஸ் ரோடு பக்கம் மருந்துக்கடையில் ஓர் எத்தியோப்பியப் பெரியவரைப் பார்த்தேன், வைத்தியத்துக்கு வந்தவர். பேச்சுக் கொடுத்தேன். தனக்குக் கணக்கு எடுத்தவரும் இந்தியர்தான் என்றார். வேறு ஊர், வேறு வாத்தியார். "கணக்கு நன்றாக வந்தது. காதுதான் இன்னும் வலிக்கிறது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தெப்ரே மார்கோஸில் யாரையாவது தெரியுமா என்று கேட்க வாய் வந்தது. படத்தில் இருப்பவர்களில் ஒருவர் பேர்கூட எனக்குத் தெரியாதே, யாரென்று கேட்பது?

இப்போதும் போகிறார்கள். நம் ஐ.ஐ.டி. 2023-ல் ஸான்ஸிபாரில் கிளை திறந்தது, அதன் முதல் பொறுப்பு இயக்குநர் ப்ரீத்தி அகலாயம், ஒரு பெண்மணி. எத்தியோப்பியப் பல்கலைக்கழகங்களில் நம் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். சாயங்காலமே வீடியோவில் பேத்தி முகம் பார்க்கிறார்கள். நல்லதுதான். பாட்டி மாதிரி யாரும் கழுதைப்புலிக்குப் பயந்துகொண்டு அடுத்த கடிதம்வரை காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீடு இடிந்து ஃபிளாட் வந்தபோது பெரியப்பாவும் பெரியம்மாவும் இல்லை. படம் என்னிடம் வந்தது. ஆணியிலிருந்து இறக்கித் திருப்பிப் பார்த்தேன். ஸ்டூடியோ முத்திரை இருக்கிறது, அவர்கள் கணக்கில் வருஷம் இருக்கிறது. பேர்கள் இல்லை. அவருக்கு எழுதிவைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, தினமும் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா போயிருப்பார், கானாவுக்கோ ஜாம்பியாவுக்கோ. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ ஏதாவது பரணில் அந்த நீல ஏரோகிராம்கள் கட்டாகக் கிடக்கும். பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, எப்படிப் பாதுகாப்பது என்றாவது போய்க் கேளுங்கள். அதற்கு முன்னால், பெரியம்மா யாராவது இன்னும் உட்கார்ந்திருந்தால், வகுப்புப் படத்தை மடியில் வைத்து, இது யார் இது யார் என்று கேட்டுப் பின்பக்கம் பேர்களை எழுதிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.